மணிக்கட்டில் விழுந்த வரி

தர்ஷினி தன் இடது உள்ளங்கையை விரித்து நீட்டியதும், பர்வீன் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டாள்.

"அக்கா, கைய மூடுங்க மொதல்ல. என்ன வேலை இது."

"பாரு சாமி. ஒரே ஒரு கொய்யல்தான். நானாத்தானே காட்டறேன். நீ எட்டிப் பாத்தீன்னா தப்பு."

"நீங்க காட்டுனாலும் நான் பாக்கக் கூடாதுங்க்கா. என்னைப் பெத்தவ கையவே நான் பாத்ததில்ல."

அவள் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் இப்போது அப்படித்தான். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கையை விரித்தால் நாம் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். கணவன் படிக்கும்போது மனைவி அடுப்படிக்குப் போய்விடுவாள். குளிக்கும் அறையில் நுழைவதும் அடுத்தவர் உள்ளங்கையைப் பார்ப்பதும் ஒன்றுதான் என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு காலத்தில் வலைப்பக்கங்கள் கட்டடம்போல ஓரிடத்தில் நின்றுகொண்டிருந்தன. யார் போய்ப் பார்த்தாலும் அதே பக்கம், அதே எழுத்து. பிறகு நெய்பொறி வந்தது. நீங்கள் கேட்டால் போதும். உங்கள் வயது, வியாதி, தெரு, மனசில் கிடக்கும் துக்கம் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு உங்களுக்கென்றே ஒரு பக்கத்தை நெய்து, விரலில் இருக்கும் மோதிரத்தின் வழியாக உள்ளங்கையில் வெளிச்சமாக விழவைக்கும். படித்துவிட்டுக் கையை மூடினால் பக்கம் கலைந்துபோகும். திரும்பக் கேட்டாலும் கிடைக்காது. ஒரு பக்கம், ஒரே வாசகர் என்பதுதான் நெய்வகம் என்ற அந்த நிறுவனத்தின் பெருமை.

கலையும் பக்கத்திலிருந்து நாம் வைத்துக்கொள்வதற்கு ஒரே வழி கொய்வதுதான். பிடித்த வரியின் மேல் வலது கைச் சுட்டுவிரலை இழுத்தால் அந்த வரி மட்டும் பறிபட்டுச் சேமகத்தில் போய்ச் சேரும். பூக்காரி மாதிரி ஆளுக்கு ஒரு கூடை. அடுத்தவர் கூடையை யாரும் திறக்க முடியாது. மோதிரத்துக்குச் சொந்தக்காரரின் உடம்புச் சூடு தெரியும். ஒரு கொய்யலை இன்னொருவருக்கு அனுப்பவும் வழி கிடையாது.

இந்த ஏற்பாட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் பேச்சில் மட்டும் ஒரு சின்ன மாற்றம் வந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. 'அதைப் படிச்சியா?' என்ற கேள்வி செத்துப்போனது. நீங்கள் படித்ததை இன்னொருவர் படித்திருக்க வாய்ப்பே இல்லாதபோது என்னவென்று கேட்பது? டீக்கடையில் பெஞ்சு இருந்தது, டீ இருந்தது, மனிதர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் கையைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள்.

தர்ஷினி சிங்காநல்லூர்க் குளத்தைப் பார்த்த அடுக்குமாடி ஒன்றில் நான்காவது மாடியில் தனியாக இருந்தாள். அவள் பிறந்த காலத்தில் வகுப்புக்கு நாலு தர்ஷினி உண்டு. இப்போது அது வயதானவர்களின் பெயராகிவிட்டது. பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எதிர்வீட்டுப் பர்வீன் சாலை வானொலியில் பேசுகிறவள். சரக்கு லாரிக்காரர்களுக்காக மட்டும் இன்னும் உயிரோடு இருந்த வானொலி அது. ஓட்டுகிற கையில் பக்கம் படிக்க முடியாது, பாருங்கள்.

"கண்ணைத் தொறக்க வேண்டாம். காதைத் தொற. நான் வாசிக்கறேன்," என்றாள் தர்ஷினி.

பர்வீன் கண்ணை மூடியபடியே நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள். தர்ஷினி தன் கையைப் பார்த்து, கோயிலில் பேர் சொல்லி அர்ச்சனை கேட்பவள் குரலில் வாசித்தாள்.

"விலகி நிற்கும் மகளைத் தேடிப் போக வேண்டாம். அன்பிருந்தால் அவளே வழி கண்டு வருவாள். கதவைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். இது."

"இது?"

"இது. அவ்வளவுதான். அதுக்கு மேல இல்ல."

பர்வீன் கண்ணைத் திறந்துவிட்டாள்.

ஆறு வருடங்களுக்கு முன் தர்ஷினியின் கணவர் சந்தோஷ் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகள் நன்முகை அப்போது ஓசூரில் புது வேலையில் சேர்ந்த நேரம். பிள்ளையை அலைக்கழிக்க வேண்டாம், அப்பா தேறிவிடுவார் என்று தர்ஷினி விவரம் சொல்லாமல் இருந்தாள். அவர் தேறவில்லை. நன்முகை வந்தபோது முகத்தைப் பார்க்க மட்டும் நேரமிருந்தது. காரியம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, "நீ என்னைக் கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அழைக்கவில்லை.

அன்றைக்குத் தர்ஷினி மோதிரத்திடம் கேட்டாள். நான் போய்க் கூப்பிடட்டுமா என்று. நெய்பொறி ஒரு பக்கத்தை நெய்து தந்தது. அதன் கடைசிப் பகுதிதான் இந்தக் கொய்யல். காயில் சுற்றுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கம்பி முடியுமுன்பே விரலைத் தூக்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் முனை அறுந்துபோகும். அந்தப் பழக்கத்தில் அன்றைக்கும் விரல் தூக்கிக்கொண்டது. 'இது' என்ற சொல் வந்து விழுந்தது, மற்றது விழவில்லை. திரும்ப இழுக்குமுன் அழுகையில் கை மூடிக்கொண்டது. பக்கம் கலைந்தது.

"இது உங்கள் தவறல்லன்னு இருந்திருக்கும்னு மொதல் ஒரு வருசம் நெனச்சேன். அப்புறம், இது கொஞ்ச காலந்தான்னு இருக்குமோன்னு தோணுச்சு. இப்ப நெனச்சா, இது உங்கள் தவறுதான்னும் இருக்கலாமல்லோ. அதுக்குத்தான் என்னப் பத்தி எல்லாம் தெரியுமே."

"நீங்க அந்தப் புள்ளைக்கு ஒரு போனப் போடலாமில்லீங்க்கா."

"போட வேண்டாம்னு சொல்லியிருக்குதே. எனக்குன்னே எழுதுனது. அத மீறிப் போட்டு, வரவேண்டியவளும் வராமப் போயிட்டா? முழுசாத் தெரிஞ்சா, போடறதா வேண்டாமான்னு ஒரு முடிவுக்கு வருவேன்." தர்ஷினி கையை மூடிக்கொண்டாள். "நீ இத வானொலில வாசிச்சு, மிச்சம் யாருகிட்டயாவது இருக்குதான்னு கேளு."

"உங்களுக்குன்னு நெய்ஞ்ச பக்கம் இன்னொருத்தர்கிட்ட எப்படீங்க இருக்கும்?"

"இருக்காது. தெரியும் சாமி. ஆனாலும் கேளு. நானும் யாருகிட்டத்தான் கேக்கறது?"

பர்வீனுக்கு வேலை போகலாம். கொய்யலைப் பொதுவில் வாசிப்பது சட்டப்படி குற்றமில்லை, ஆனால் யாரும் செய்ததில்லை. துணியில்லாமல் கடைத்தெருவில் நடக்கிற மாதிரி. கடைசியில், "பேரு சொல்ல மாட்டேன். ஒரே தடவைதான்," என்று எழுந்து போனாள்.

அன்றைக்கு மத்தியானம் சாலை வானொலியில் பாட்டுக்கு நடுவே அந்த நாலு வரி போனது. லாரிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சேலத்திலிருந்து ஒருவர், "இது ராங் நம்பர்" என்று முடித்து வைத்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர், "இது வெங்காய லோடு, சீக்கிரம் வாங்க" என்றார். நிலையத்தில் பர்வீனை மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டித்தார். இனிமேல் அப்படி நடக்காது என்று அவள் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, அவளுக்காக ஒரு அழைப்பு காத்திருந்தது.

"தூத்துக்குடில இருந்து பேசுதேன். பேரு செல்வின். துறைமுகத்துல கிரேன் ஓட்டுனவன். மத்தியானம் வாசிச்சீங்கள்லா, அது எங்கிட்ட இருக்கு."

"மிச்சமா?"

"முழுசும் இருக்கு. ஆனா மகள்னு இல்ல. தம்பின்னு இருக்கு."

பர்வீன் ரிசீவரை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு எண்ணைத் தர்ஷினியிடம் கொடுத்தாள்.

தர்ஷினி பேசியபோது அந்த மனிதர் போனில் வாசிக்க மறுத்துவிட்டார். முதல் மூன்று வரி மனப்பாடம் என்றார். அதற்கப்புறம் இது என்றுதான் தொடங்கும், ஆனால் என்னவென்று ஞாபகம் இல்லை, கவனித்ததே இல்லை. கொய்யலைத் திறந்து பார்த்தால் தெரியும்.

"தொறந்து பாருங்களேன் அண்ணா. ஒரு நிமிசம்."

மறுமுனையில் துறைமுகத்துச் சங்கு ஒன்று ஊதி ஓய்ந்தது.

"ஒத்தையில தொறக்க முடியலம்மா. நான் கெளம்பி வாரேன். நீங்களும் பக்கத்துல இருங்க."

இரண்டு நாள் கழித்துக் கோயம்புத்தூர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஓட்டலில் இருவரும் உட்கார்ந்தார்கள். செல்வின் உயரமான மனிதர், வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை. பையிலிருந்து மக்ரூன் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். முதல் முறை பார்க்கிறவர்களுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"பொடிஞ்சிருக்கும். ரயில்ல பக்கத்துல ஒருத்தன் சாஞ்சே வந்தான்," என்றார்.

"பரவால்லீங்ண்ணா. பொடிஞ்சதுதான் எனக்குப் பிடிக்கும்."

காப்பி வந்தது. ஓட்டலில் நிறையப் பேர் இருந்தார்கள், சத்தம் மட்டும் இல்லை. ஆளுக்கு ஓர் உள்ளங்கை வெளிச்சம். சர்வர் தட்டு வைக்கும்போது தலையைத் திருப்பிக்கொண்டு வைத்தார்.

செல்வினின் தம்பி ஜோயல் வள்ளத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு தனியாகப் போனவன். ஒரே தெருதான், நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. செல்வின் தன் மோதிரத்திடம் கேட்டார், அது காத்திருக்கச் சொன்னது. அவர் காத்திருந்தார். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் தம்பி முகம் கழுவுவதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். போன வருஷம் கடலில் மாரடைப்பு வந்து ஜோயலை வள்ளத்திலேயே கொண்டுவந்தார்கள்.

"அதுல இருந்து நான் அதத் தொறக்கல. ரேடியோல அந்தப் பிள்ள வாசிக்கவும், எனக்குன்னு சொன்னத எவளோ ஊர் முழுக்கக் கத்துதாளேன்னுதான் கோவம் வந்துச்சு. மோதிரத்தக் கழட்டி எறியப் போனேன். அப்புறம் பாத்தா மகள்னு வாசிக்கா."

"உங்க மோதிரத்துல இருந்து யாரோ திருடிட்டாங்கன்னு நெனச்சீங்களாக்கும்."

"பின்ன. நீங்க என்ன நெனச்சீங்க?"

"எனக்கு..." தர்ஷினி வெட்கப்பட்டாள். "எனக்கு என்ற கூடப் பொறந்தவங்களப் பாத்த மாதிரி இருந்துச்சு. நான் படிச்சதையே படிச்ச ஓர் ஆளு. இத்தன வருசத்துல ஒருத்தரும் இல்லீங்களே."

செல்வின் சிரித்தார். சிரிப்பு நல்ல சிரிப்பு. பிறகு சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, இடது கையை மேசைமேல் மல்லாத்தினார்.

தர்ஷினிக்குக் காது சூடானது. அறுபது வயதில் முதல்முறையாக அடுத்தவர் உள்ளங்கையைக் குனிந்து பார்க்கிறாள். காய்ப்பேறிய கை. அதன்மேல் எழுத்துகள் நின்றன.

விலகி நிற்கும் தம்பியைத் தேடிப் போக வேண்டாம். அன்பிருந்தால் அவனே வழி கண்டு வருவான். கதவைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். இது பொதுவான அறிவுரை மட்டுமே. தனிப்பட்ட சூழலுக்குப் பொருந்தாமல் போகலாம்.

அவள் இரண்டாம் முறை படித்தாள். மூன்றாம் முறை விரலை வைத்துப் படித்தாள்.

"என்னம்மா போட்டுருக்கு?" செல்வின் தன் கையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே பாருங்ண்ணா."

அவர் பார்த்தார். உதடு அசைந்தது. "இதுவா," என்றார். "இது குப்பைல்லா. எங்கிட்ட எல்லாக் கொய்யல்லயும் இந்தக் குப்பை வால் மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். கன்டெய்னர்ப் பூட்டுல மாட்டுனதுல எனக்கு இந்த வெரல் நுனி மரத்துப் போச்சு. எங்க நிறுத்தணும்னு தெரியாது, மணிக்கட்டு வரைக்கும் இழுத்துருவேன். மருந்துச் சீட்டுக்குப் பின்னால பொடி எழுத்துல இருக்கும்லா, எவன் படிக்கான்?"

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

தர்ஷினி தன் கையை விரித்தாள். எதைக் கேட்பது என்று தெரியாமல், மழை வருமா என்று மோதிரத்தைக் கேட்டாள். பக்கம் விழுந்தது. சிங்காநல்லூர், நான்காவது மாடி, உலரும் துணி, மூட்டுவலி எல்லாம் அதில் இருந்தன. அவள் உள்ளங்கையைத் தாண்டிக் கீழே பார்த்தாள். கண்ணாடி வளையலை மேலே தள்ளினாள். மணிக்கட்டின் மடிப்பில், நரம்புகளுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் எறும்பு வரிசைபோல ஒரு வரி கிடந்தது. இது பொதுவான.

ஒவ்வொரு நாளும் கிடந்திருக்கிறது. வளையலுக்கு அடியில், புடவைத் தலைப்புக்கு அடியில், கைக்கடிகாரத்துக்கு அடியில், எல்லார் கையிலும்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நெய்பொறி அவளுக்காக எதையும் நெய்யவில்லை. ஒரே துணியை நெய்து வைத்துக்கொண்டு, கேட்கிறவர் பெயரைக் கரையில் தைத்துக் கொடுத்திருக்கிறது. மகள் என்று இருந்த இடத்தில் தம்பி. சிங்காநல்லூர் இருந்த இடத்தில் தூத்துக்குடி. யாரும் யாரிடமும் காட்டிக்கொள்ளாத வரைக்கும் இது தெரியப்போவதில்லை. காட்டிக்கொள்ளக் கூடாது என்பதை நெய்வகம் சட்டமாகப் போடவில்லை. ஜனங்கள் தாங்களாகவே மரியாதையாக்கிக்கொண்டார்கள். நாடு முழுக்க ஒரே வரியைப் படித்துவிட்டு, ஆளுக்கு ஒரு மூலையில், நம்மைத் தெரிந்தது இது ஒன்றுதான் என்று கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

செல்வின் காப்பி ஆறியதைக் கவனிக்கவில்லை.

"அப்பம் ஜோயலும் கேட்டுருப்பான்," என்றார் மெல்ல. "அவனும் மோதிரம் போட்டுருந்தான். அவனுக்கு அண்ணன்னு வந்துருக்கும்."

தர்ஷினி மக்ரூன் ஒன்றை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் எந்திச்சிப் போயிருக்கணும். தொட்டிக்கு அந்தப் பக்கம்தான்," என்றார். பிறகு தலையை உலுக்கிக்கொண்டு, "எனக்கு விடுங்க. ஒங்க பிள்ள இருக்குல்லா. போன எடுங்க," என்றார்.

"வீட்டுக்குப் போயிப் பேசறேன்."

"வீட்டுக்குப் போனா பேச மாட்டீங்க. கதவத் தொறந்து வச்சிக்கிட்டு இருப்பீங்க. நான் அந்தா அந்த மேசைக்குப் போறேன்."

அவர் பையை எடுத்துக்கொண்டு நாலு மேசை தள்ளிப்போய், முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தர்ஷினி எண்ணை அழுத்தினாள். எண் மறக்கவில்லை. அழைப்பு போய்க்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று நினைத்தபோது குரல் வந்தது.

"யாரு?"

குரல் கொஞ்சம் தடித்திருந்தது. சளியா, வயதா என்று தெரியவில்லை.

"முகை. அம்மா."

பின்னால் ஏதோ மிஷின் ஓடியது, பிறகு கதவு சாத்துகிற சத்தம், மிஷின் சத்தம் குறைந்தது.

"உடம்பு ஏதாச்சும் முடியலயா?" என்றாள் நன்முகை.

"இல்ல சாமி. நல்லாத்தான் இருக்கறேன்."

"அப்புறம் எதுக்கு?"

இத்தனை வருடம் எதை எதையோ பேசுவதாக ஒத்திகை பார்த்திருந்தாள். அப்பாவைப் பற்றி, அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி. இப்போது ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது அந்த வரிதான். மகளுக்கு எப்படி வந்திருக்கும் என்று மனசுக்குள் மாற்றிக்கொண்டு, அப்படியே சொன்னாள்.

"விலகி நிற்கும் அம்மாவைத் தேடிப் போக வேண்டாம். அன்பிருந்தால் அவரே வழி கண்டு வருவார்."

மறுமுனையில் மூச்சு நின்ற மாதிரி இருந்தது.

"கதவைத் திறந்து வைத்துக்..."

"நிறுத்து," என்றாள் நன்முகை. "அது எப்படி உனக்குத் தெரியும்? அது என்ற கொய்யல். என்ற சேமகத்துல இருக்கறது."

"அதான் சாமி சொல்ல வந்தேன். அது உனக்கு மட்டும்..."

"தொறந்துட்டியா? எப்பிடித் தொறந்த? நான் தூங்கறப்ப மோதிரத்த ஏதாச்சும் பண்ணி வெச்சியா, அப்பா காரியத்தப்ப?"

"அந்தப் பக்கம் எனக்கும் வந்துச்சு முகை. எனக்கு மகள்னு வந்துச்சு. எல்லாருக்கும்..."

"பொய் சொல்லாதம்மா." இப்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். கத்தவில்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "அப்பா போனப்புறம் என்னைத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். நீ என்னை ஒரு வார்த்த கேக்கல, அது கேட்டுச்சு. தெனமும் கேட்டுச்சு. எனக்குன்னு உக்காந்து எழுதுச்சு. அதயும் எடுத்துப் பாத்துட்டு, இப்ப எல்லாருக்கும் வந்துதுன்னு சொல்றியா?"

தர்ஷினி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நிரூபிக்க எத்தனையோ வழி இருந்தது. மணிக்கட்டைப் பார் என்று சொல்லலாம். வளையலைத் தள்ளு, சாம்பல் எழுத்தைப் படி என்று சொல்லலாம். மகள் இப்போதே படிப்பாள். ஓசூரில், ஏதோ ஓர் ஆலைக்குள், சாத்திய கதவுக்குப் பின்னால், தனியாக நின்று படிப்பாள். படித்த பிறகு அவளுக்கு அந்தத் துணையும் இருக்காது, அம்மாவும் இருக்க மாட்டாள்.

"சொல்லு. தொறந்தியா, இல்லயா?"

"தொறந்தேன்," என்றாள் தர்ஷினி.

நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த செல்வினின் முதுகு நிமிர்ந்தது.

"எப்படி?"

"அத போன்ல சொல்ல முடியாது. நேர்ல வந்து என்ற மோதிரத்தப் பாரு. உனக்கு அந்த உரிமை இருக்குது. போலீசுக்குச் சொல்லறதுன்னாலும் மோதிரத்தப் பாத்துட்டுத்தான் சொல்லோணும்."

"வருவேன். வரமாட்டேன்னு நெனச்சியா? நாளைக்குக் காலைல வண்டி இருக்கு. பத்து மணிக்கு உன் முன்னாடி நிப்பேன்."

"வா."

"மோதிரத்தக் கழட்டாத. ஒண்ணையும் அழிக்காத. நான் பாக்காம எதையும் தொடக்கூடாது."

"தொட மாட்டேன்."

"எனக்கு எதுவும் சமைச்சு வெக்காத. நான் சாப்புட வரல."

"செரி."

அழைப்பு அறுந்தது. செல்வின் எழுந்து வந்து எதிரே நின்றார். கேட்கவா வேண்டாமா என்று தயங்கினார்.

"செய்யாத குத்தத்த ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டா. சண்டைக்கின்னா வந்துருவா. அவ அப்பாவும் அப்படித்தான்." தர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வந்து என்ற கையப் பாப்பா. மகள்னு போட்டிருக்கறத அவளே படிப்பா. அப்ப அவளுக்குத் தலை சுத்தும். பக்கத்துல ஓர் ஆளு இருக்கோணுமில்லீங்களா அதுக்கு."

செல்வின் மெல்லத் தலையாட்டினார். அவருக்கு மாலை ரயில் இருந்தது. நிலையத்து வாசல்வரை இருவரும் நடந்தார்கள். பிரியும்போது அவர் தன் கையை நீட்டினார், அவள் பிடித்துக் குலுக்கினாள். அந்த நிமிஷத்தில் இரண்டு பேர் கையிலும் பக்கம் ஏதும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காய்கறிக் கடையில் நின்றாள். சாப்பிட வரவில்லை என்று சொன்ன பிள்ளைக்குக் கத்தரிக்காய் வாங்க வேண்டும். வரிசை நீளமாக இருந்தது. அது மாலைப் பக்கம் வருகிற நேரம். ஊரில் எல்லாருக்கும் அவரவர் மனசுக்கேற்றபடி அன்றைய நாளைப் பற்றி ஆறுதலாக நாலு வரி வரும். வரிசையில் இருந்தவர்களின் கைகள் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின. வழக்கப்படி ஒருவர் ஒருவரைப் பார்க்காமல் வேறு வேறு திசையில் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

தர்ஷினி திருப்பவில்லை. கைகளைப் பார்க்கவில்லை, விரல்களை மட்டும் பார்த்தாள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், பெட்டிக் கடைக்காரர், கர்ப்பமாக இருந்த ஒரு பெண், வாட்ச்மேன். நாலைந்து நொடி எல்லா விரல்களும் சும்மா இருந்தன. பிறகு எல்லாம் ஒன்றாக எழுந்தன. உள்ளங்கையில் ஒரே இடத்தில் தொட்டு, ஒரே நீளத்துக்கு இழுத்து, ஒரே இடத்தில் நின்றன. எல்லாரும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டார்கள். தனக்கு மட்டும் கிடைத்தது என்ற திருப்தியோடு கையை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்கள்.

அவளுக்கு முன்னால் நின்ற அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் கண்கள் ஈரமாக இருந்தன.

"ஏங்கண்ணு," என்றாள் தர்ஷினி, "என்ன போட்டிருந்துச்சு?"

அந்தப் பெண் திரும்பி, அடிபட்டவள்போலப் பார்த்தாள். மூடிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். வரிசையில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். வயசானவங்களுக்கு இங்கிதமே போயிருச்சு என்று வாத்தியார் யாரிடமோ சொன்னார்.

அந்தப் பெண் ஓரடி தள்ளி நின்றாள். ஆனால் வரிசையை விட்டுப் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஏனுங்கம்மா, உங்களுக்கு என்ன போட்டிருந்துச்சு?"